முன்வைப்புக்கு முன் வரையும் படத்துக்கு என்ன பெயர்?

கிளிநொச்சியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். தரம் 11 பிள்ளைகள் முன்வைப்பொன்றைத் தயாரிக்கும்போது எடுத்த எடுப்பிலேயே படவில்லைகளில் வசனங்களை நிரப்பி, பின்னர் அவற்றையே வாசித்து முடிக்கிறார்கள். ஆகவே தாளின் நடுவே தலைப்பை எழுதி, அதிலிருந்து கிளைகள் பிரித்து, கிளைக்கொரு சொல் மட்டும் இட்டு வரையப் பழக்குகிறேன். தடித்த கிளைகள் பேச்சின் பகுதிகளாகவும் நுனிக்கிளைகள் உதாரணங்களாகவும் அமைகின்றன. எதை விடலாம் என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது. பிரித்தானிய எழுத்தாளர் ரோனி புசான் 1974 இல் பீ.பீ.சி. தொலைக்காட்சி வழியே பரப்பிய இந்த 'மைண்ட் மப்' முறையை, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் கையேட்டில் 'மனவரைபடம்' எனலாமா?

வவுனியாவிலிருந்து:
மனம் வடசொல். உள்ளம் என்னும் நம் சொல் இருக்க அதை ஏன் நாட வேண்டும்? 'உளப்படம்' சுருக்கமானது, புணர்ச்சியிலும் பிழையற்றது.

முல்லைத்தீவிலிருந்து:
ஐயா, போருக்குப் பின் உளவளத்துணை, உளசமூகப் பணி என்னும் சொற்கள் இங்கே வீடுதோறும் புழங்கியவை. உளப்படம் என்றால், பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்றே பெற்றோர் கேட்பார்கள். 'கிளைப்படம்' என்போம். தொல்காப்பியர் சொல்லைக் கிளவி என்கிறார். கிளத்தல் சொல்லுதல், கிளைத்தல் பிரிதல். இரண்டும் ஒரே வேரின என்பது என் துணிபு. சொன்னதைச் சொல்லும் கிளிக்கும் அவ்வேரே பொருந்தும். அப்படியாயின் கிளிநொச்சியின் பெயரையும் நாம் மீள ஆராய வேண்டும்.

மல்லாவியிலிருந்து:
ஊர்ப்பெயர் ஆய்வு பிறகு நடக்கட்டும். நிகழ்தகவில் மர வரிப்படம் வரையும் பிள்ளை கிளைப்படத்தை அதனோடு குழப்பிக்கொள்ளும். 'எண்ணப்படம்' என்றாலோ எண்ணக்கரு வரைபடத்தோடு மயங்கும். அதில் கோடுகளின் மேலும் இணைப்புச் சொற்கள் வரும், குறுக்கிணைப்பும் உண்டு, இதில் மையம் ஒன்றே. வடவெழுத்து நீங்கிய வடசொல்லுக்குத் தொல்காப்பியரே இடமளித்தார், வள்ளுவரும் மனத்தை விலக்கவில்லை. மனவரைபடமே இருக்கட்டும்.

கிளிநொச்சியிலிருந்து:
தனிமடலில் எழுதிய இருவரும் அதையே சொன்னதால், கையேட்டில் மனவரைபடம் என்றே இடுகிறேன். முதற்பக்கத்தில் மட்டும் மைண்ட் மப் என்பதும் அருகே வரும்.

வவுனியாவிலிருந்து:
அச்சுக்குத் தடையாக நிற்க மாட்டேன், ஆனால் இசையவும் இல்லை. உள்ளத்தை உளநோயோடு சேர்த்துக் கேட்கும் பழக்கத்தைப் போக்க வேண்டியது நாமே. அதற்கு அஞ்சிச் சொல்லைக் கைவிடுவது முறையன்று. அடுத்த பதிப்பின்போது உளப்படத்தை மீண்டும் முன்மொழிவேன்.