நிழற்பாவையா, திரைப்பாவையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் தொகுக்கும் பாவைக்கூத்துச் சொற்பட்டியலில், திரையில் நிழல் விழ ஆட்டும் பாவைக்கு (shadow puppet) 'திரைப்பாவை' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். தோலோ அட்டையோ பிளாஸ்டிக்கோ, பாவையை எதில் செய்தாலும் திரை இல்லாமல் ஆட்டம் இல்லை, அதனால் பொதுச்சொல்லில் திரை இருக்கட்டும் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் இன்றைக்குத் திரை என்றாலே சினிமாதான். திரைப்பாவை என்று அச்சிட்டால் படிப்பவர் ஒரு நடிகையைத்தான் நினைப்பார். 'நிழற்பாவை' என்றே வைத்துக்கொள்வோம்.

'தோல்பாவை' பொதுச்சொல்லாகாது, சரி. அதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது. நாங்கள் இருக்கும் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடங்களில், அதாவது கூத்துக்கென்றே கட்டிய மேடைகளில், நடப்பதற்குத் தோல்பாவைக்கூத்து என்றுதான் பெயர். கம்பன் பாடலைத் தமிழிலேயே பாடிவிட்டு, மலையாளம் கலந்து பொருள் விரிப்பார்கள். ஆட்டுபவரைப் புலவர் என்று அழைப்பதும் அதனால்தான். தாரிகன் என்ற அசுரனோடு போரிடப் போனதால் இராம இராவணப் போரைக் காணாமல் போன பத்திரகாளிக்காக நடத்தும் கூத்து இது. எதிரே ஆளே இல்லாவிட்டாலும் விடிய விடிய நடக்கும். சாவகத்தின் (ஜாவா) நிழற்பாவை ஆட்டமான வயாங் குலித்திலும் குலித் என்றால் தோல். செய்பொருளால் பெயர் வைப்பது அங்கேயும் உண்டு. ஆகவே நிழற்பாவை பொதுச்சொல், தோல்பாவை அதில் ஒரு வகை.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். நிழல் என்றாலே கறுப்பு என்று பட்டியலில் விளக்கம் எழுதியிருக்கிறோம். அது பாதி உண்மை. கேரளத்துப் பாவை வழக்கமாக மான்தோல். வேட்டைத் தடைக்குப் பிறகு ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் வந்துவிட்டன. தோலைத் தடிப்பாகவே விடுவதால் வெளிச்சம் ஊடுருவாது. உளியால் நெல்மணி அளவிலும் பிறை வடிவிலும் கொத்திய துளைகள் வழியே மட்டும் ஒளி கசியும். 42 அடி நீளக் கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் எரியும். சுடர் ஆடும்போது அசையாமல் நிற்கும் இராவணனின் கிரீடத்திலும் புள்ளி புள்ளியாக ஒளி நடுங்கும். போர்க் காட்சியில் தெள்ளிப்பொடி என்ற மரப்பிசின் தூளைச் சுடரில் வீசினால் திரை முழுக்க ஒரு கணம் பற்றி எரிவது போலிருக்கும். உருவம் என்னவோ கருநிழல்தான்.

ஆந்திரத்துத் தோல்பாவை ஆட்டமான தோலு பொம்மலாட்டா நேர்மாறானது. ஆட்டுத்தோலை மயிர் நீக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கி, இருபுறமும் சாயம் தீட்டுவார்கள். அனந்தபுரம் பக்கத்து நிம்மலகுண்டாவில் செய்யும் பாவைகளில் சில ஆள் உயரம் இருக்கும். விளக்கின் முன் பிடித்தால் திரையில் விழுவது சிவப்பும் பச்சையும் மஞ்சளும். துருக்கியின் நிழலாட்டமான கராகோஸிலும் ஒட்டகத் தோலில் செய்த வண்ணப் பாவைதான். 'கறுப்பு உருவம் காட்டும் பாவை' என்ற நம் விளக்கத்தின்படி இவை எல்லாம் நிழற்பாவையே அல்ல என்றாகிவிடும்! எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. இரண்டு மரபும் தமிழ்நாட்டின் இரு எல்லைகளில் இருக்கின்றன. நம் சொல்லில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: ஒளிபுகாத் தோலில் ஆடுவது 'கருநிழற்பாவை', ஒளி ஊடுருவும் சாயத்தோலில் ஆடுவது 'வண்ணநிழற்பாவை'. தமிழில் நிழல் என்பதற்கு ஒளி, பிரதிபிம்பம் என்ற பொருள்களும் உண்டு. நீர்நிழல் என்கிறோமே, அது கறுப்பா? ஆகவே வண்ணநிழல் முரண்தொடர் ஆகாது.

பட்டியலின் மற்றப் பாவைச் சொற்களில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. குறளே மரப்பாவையை நாணால், அதாவது கயிற்றால், ஆட்டுவதைச் சொல்கிறது. ஆனால் நாண் இன்று வெட்கத்துக்கும் வில்லுக்கும் போய்விட்டது, எனவே 'நூல்பாவை' போதும். 'கைப்பாவை'யை மட்டும் விடாதீர்கள். அரசியல் செய்தியில் வசைச்சொல்லாகிவிட்டது என்று ஒருவர் தயங்கியிருந்தார். கதகளி வேடமிட்ட பாவைகள் ஆடும் பாலக்காட்டின் பாவைக்கதகளியைப் பாருங்கள்: பாவைக்குள் கையை நுழைத்து, ஒரு விரலால் தலையையும் மற்ற விரல்களால் இரு கைகளையும் அசைக்கிறார்கள். ஆந்திரத்திலிருந்து வந்த ஆண்டிப் பண்டாரம் என்ற சமூகத்தார் வளர்த்த கலை அது. கிட்டத்தட்ட அழிந்து, 1980களில் மீட்கப்பட்டது. அதற்குப் பதிலாக, glove puppet என்பதை அப்படியே பெயர்த்து 'கையுறைப் பாவை' என்றால் மருத்துவமனை ஞாபகம்தான் வருகிறது.

ஆந்திரச் சித்தூர், நகரிப் பக்கம் இருக்கும் நண்பர்கள் தெலுங்கு ஆட்டக்காரர்களிடம் 'வண்ணநிழல்' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் பட்டறையில் வேறு நல்ல பெயர் புழங்கினால் என் பரிந்துரையை அடித்துவிட்டு அதையே பட்டியலில் ஏற்றிவிடலாம்.