மறுமொழி: ‘மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய வேதிமாற்றம்’ – ‘ஒட்டு’ போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செல் மரபுச் செய்தியைப் படித்துப் புரதம் கட்டுவதை ‘மொழிபெயர்ப்பு’ என்கிறோம். கட்டிய புரதத்தில் பிறகு நேரும் மாற்றத்தை ‘மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய வேதிமாற்றம்’ என்று எழுதலாம் என இங்கே ஒரு பரிந்துரை வந்தது. இந்த நெடுந்தொடரில் பொருட்பிழை இல்லை. ஆனால் ஒரே பத்தியில் நான்கு முறை வந்தால் படிப்பவருக்கு மூச்சு வாங்கும். புரதத்துக்கு என்ன நேர்கிறது என்பதும் கண்ணில் தெரியாது. ‘ஒட்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

மொழிபெயர்ப்புக்கு உதவும் இஐஎஃப்5ஏ (eIF5A) என்ற புரதத்தையே பாருங்கள். மனித உடலில் அதன் 50ஆவது அமினோ அமிலம் லைசின். ஒரு நொதி, ஸ்பெர்மிடின் என்ற சிறு மூலக்கூறிலிருந்து நான்கு கார்பன் கொண்ட துண்டை வெட்டி அந்த லைசினின் நுனியில் பொருத்துகிறது. இன்னொரு நொதி அதில் ஒரு ஹைட்ராக்சில் (OH) தொகுதியைச் சேர்க்கிறது. இப்படி உருவாவதே ஹைப்பூசின். மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுபவரும் ஒரு மரத்தின் குச்சியை வெட்டி வேறொரு கன்றின் தண்டில்தானே பொருத்துகிறார்!

புரோலின் என்ற அமினோ அமிலம் அடுத்தடுத்து வரும் இடத்தில், புரதத்தைக் கட்டும் ரைபோசோம் திணறி நின்றுவிடும். அப்போது இந்தப் புரதம் அதன் பக்கத்தில் வந்து பொருந்தி, ஹைப்பூசினை விரல்போல் உள்ளே நீட்டுகிறது. வளரும் அமினோ அமிலச் சங்கிலியைத் தாங்கும் டிஆர்என்ஏ என்ற மூலக்கூறின் நுனி நிலைப்படுகிறது; அடுத்த பிணைப்பு விழுகிறது. வேலை செய்வது அந்த ஒட்டுத்தான்.

இப்படி உதவும் இந்தப் புரதத்தைச் ‘சாரியை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மரத்தை என்பதில் ‘அத்து’ புணர்ச்சியை எளிதாக்குவதுபோல என்ற அந்த ஒப்புமையை மிகவும் ரசித்தேன். ஆனால் சாரியை சொல்லுக்குள்ளேயே தங்கிவிடும். இஐஎஃப்5ஏ உதவிவிட்டு விலகிவிடும். விளையும் புரதத்தில் அதன் சுவடு இராது. ஆகவே ஏற்கத் தயங்குகிறேன்.

பாக்டீரியாவில் இதே பணியைச் செய்யும் இஎஃப்-பி புரதத்துக்கு, ஈ.கோலையில், 34ஆவது லைசின்மேல் பீட்டா-லைசின் என்ற லைசினின் மாற்று வடிவம் ஏறுகிறது. ஹைப்பூசின் ஒட்டு, பீட்டா-லைசின் ஒட்டு, பாஸ்பேட் ஒட்டு என ஒரே அச்சில் வார்க்கலாம். புரதத்தை நறுக்கும் மாற்றங்களுக்கு இது பொருந்தாது. அவற்றையும் சேர்த்துச் சொல்ல ‘பின்மாற்றம்’ இருக்கட்டும்.

இன்னொன்று. இஐஎஃப்5ஏயைத் ‘தொடக்கக் காரணி’ என்று எழுத வேண்டாம். புரதம் கட்டுவதைத் தொடங்கிவைப்பது என்று முதலில் கருதி அப்படிப் பெயரிட்டார்கள். சங்கிலி நீள்வதிலும் முடிவதிலும் அதற்குப் பங்குண்டு என்று பின்னர் தெரியவந்தது. தமிழில் புதிதாகப் பெயரிடும்போது பழைய தவறை ஏன் சுமக்க வேண்டும்? ‘பெயர்ப்புக் காரணி’ என்றால் எல்லாக் கட்டத்துக்கும் பொருந்தும்.

‘ஹைப்பூசின் ஒட்டிய பெயர்ப்புக் காரணி’, ‘ஒட்டாத பெயர்ப்புக் காரணி’ – வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.