தேசியப் போட்டிக்குப் போகும் மாணவி: இருமல் மருந்து, ட்ரிப்ஸ், இன்ஹேலர் எதெல்லாம் ஊக்கமருந்துக் கணக்கில் வரும்?

ஓமலூர் பி.டி. டீச்சர்:
வணக்கம். எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி 1500 மீட்டரில் தேசிய ஜூனியர் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். வயது 16. ஆஸ்துமா இருப்பதால் சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுக்கிறாள். ஏற்காட்டில் மலையேற்ற ஓட்டப் பயிற்சி நடக்கிறது, அந்தக் குளிரில் இருமல் வந்துவிடுகிறது. மெடிக்கலில் கேட்டு சிரப் வாங்கிக் கொடுக்கலாமா? களைத்துப் போனால் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது இங்கே சாதாரணம், அதில் தவறு உண்டா? வீட்டில் சித்த மருந்தும் தருகிறார்கள். சோதனைக்குக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெடிக்கல் ஷாப், அஸ்தம்பட்டி:
டீச்சர், பெரிய கண்ணி இந்த சிரப்தான். சளி கட்டிய இருமலுக்கு நம் ஊரில் விற்கும் சிரப்புகளில் பலவற்றில் மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது எல்லா நாளும் தடை, போட்டி நாளில் மட்டும் அல்ல. 2019-ல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு 8 மாதத் தடை வந்தது இதே டெர்பியூட்டலினால்தான். சில சிரப்பில் டெர்பியூட்டலினுக்குப் பதில் சால்பியூட்டமால் அல்லது லெவோசால்பியூட்டமால் இருக்கும். இன்ஹேலரில் அனுமதி உள்ள சால்பியூட்டமாலை வாய்வழியே குடித்தால் அது தடை. "அதே மருந்துதானே" என்று நினைத்துத்தான் பலர் மாட்டுகிறார்கள்.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பிராண்டில் பின்னால் இரண்டு எழுத்து மாறினால் உள்ளே மருந்தே மாறிவிடும். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். அம்ப்ராக்சால், ப்ரோம்ஹெக்சின், குவாய்ஃபெனெசின், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், செட்ரிசின், பாராசிட்டமால் இவை தடையில் இல்லை. ஆனால் இவற்றோடு டெர்பியூட்டலினைச் சேர்த்துத்தான் பல சிரப் வருகிறது, அதனால் பட்டியலைக் கடைசி வரை படிக்க வேண்டும். மூக்கடைப்பு மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருந்தால் போட்டி நாட்களில் ஆபத்து: சிறுநீரில் மில்லிக்கு 150 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது. நாடாவின் (டெல்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மூலப்பொருள் பெயரைப் போட்டுப் பாருங்கள். பார்த்த தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது.

சித்த மருந்து பற்றி: சுத்தி செய்த எட்டிக்கொட்டை சேரும் மருந்துகள் உண்டு. எட்டியில் இருப்பது ஸ்ட்ரிக்னின், அது போட்டிக்காலத்தில் தடைசெய்யப்பட்ட ஊக்கி. லேபிள் இல்லாத லேகியம், சூரணம் எதையும் போட்டி முடியும்வரை நிறுத்திவிடுவதே சரி. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று உங்களால் பிறகு நிரூபிக்க முடியாது.

விளையாட்டு மருத்துவர், ஐந்து ரோடு:
ட்ரிப்ஸ் விஷயத்தில் பெரும்பாலானோர் கேட்பது "குளுக்கோஸில் என்ன ஊக்கம் இருக்கிறது?" என்றுதான். தடை குளுக்கோஸுக்கு இல்லை, நரம்பு வழியே ஏற்றும் முறைக்கு. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் எதை ஏற்றினாலும் விதிமீறல். நம் கிளினிக்கில் தொங்கவிடும் பாட்டில் 500 மில்லி. இப்படி ஏற்றினால் ரத்தமும் சிறுநீரும் நீர்த்துப்போய் உண்மையான மருந்தை மறைக்க முடியும் என்பதால்தான் இந்த விதி. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றின் போது ஏற்றுவதற்கு விலக்கு உண்டு. களைப்புக்கு கிளினிக்கில் ஏற்றுவது அதில் அடங்காது. வாந்தி நின்று குடிக்க முடிகிறதென்றால் ஓ.ஆர்.எஸ். கரைசல் போதும்.

இன்ஹேலருக்கு வருகிறேன். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் என்றால், 8 மணி நேரத்தில் 6 பஃப், 24 மணி நேரத்தில் 16 பஃப். இந்த இரண்டு வரம்பையும் தாண்டாத வரை அனுமதிச் சீட்டு தேவையில்லை. நெபுலைசர் வேறு கதை: ஒரு குப்பி வழக்கமாக 2.5 மில்லிகிராம், அதாவது 2500 மைக்ரோகிராம். ஒரே முறையில் இரண்டு வரம்பும் உடைந்துவிடும். மூச்சுத்திணறல் வந்தால் நெபுலைசர் கொடுக்கத்தான் வேண்டும், உயிர்தான் முதலில். ஆனால் அன்றே மருத்துவமனைச் சீட்டு, ஆக்ஸிஜன் அளவு, கொடுத்த மருந்தின் அளவு எல்லாம் எழுதி வாங்கி, நாடாவுக்குச் சிகிச்சை விலக்கு (நோய்க்காகத் தடைமருந்து எடுக்க அனுமதி) விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அவசரச் சிகிச்சை என்றால் மருந்து கொடுத்த பிறகும் விலக்கு பெற வழி உண்டு. திட்டமிட்ட சிகிச்சை என்றால் போட்டிக்கு 30 நாள் முன்பே விண்ணப்பிப்பது முறை.

இன்னொன்று. சளி, அலர்ஜி என்று போனால் சில இடங்களில் டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவதுண்டு. 2022 ஜனவரி 1 முதல் இந்த வகை ஸ்டீராய்டுகளை எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக்காலத் தடை. டெக்ஸாமெத்தசோனைத் தசையில் போட்டால் போட்டிக்காலத்துக்கு முன் 5 நாள் இடைவெளி வேண்டும், ட்ரையம்சினலோன் என்றால் 60 நாள். போட்டிக்காலம் என்பது முந்தைய இரவு 11.59-க்கே தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக "இவள் போட்டிக்குப் போகும் பிள்ளை, நாடா சோதனை இருக்கும்" என்று சொல்லப் பழக்குங்கள்.

தடகள நடுவர், சேலம்:
சோதனை நடைமுறை இது. ஓட்டம் முடிந்ததும் அடையாள அட்டையோடு ஒருவர் வந்து, தேர்வாகியிருப்பதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். அந்த நொடியிலிருந்து மாதிரி கொடுத்து முடிக்கும்வரை பிள்ளை அவர் பார்வையை விட்டுப் போகக் கூடாது. பரிசளிப்பு, உடல் தளர்த்தும் ஓட்டம் போன்றவற்றுக்கு அவரோடு போகலாம். 18 வயதுக்குக் கீழே என்பதால் நீங்களோ பெற்றோரோ கூட இருக்கலாம், இருங்கள். சிறுநீர் கழிப்பதை நேரில் பார்ப்பவர் பெண் அலுவலராகத்தான் இருப்பார். இதை முன்பே சொல்லிவிடுங்கள், தெரியாமல் போகும் பிள்ளைகள் பயந்து அழுதுவிடுகிறார்கள்.

பாத்திரத்தையும் பாட்டில் பெட்டியையும் அவளே பலவற்றிலிருந்து எடுக்க வேண்டும். மொத்தம் 90 மில்லி தேவை: 'ஏ' பாட்டிலில் 60, 'பி' பாட்டிலில் 30. ஊற்றி மூடுவதும் அவளே. அதிகத் தண்ணீர் குடித்தால் சீக்கிரம் முடியும் என்று லிட்டர் கணக்கில் குடிக்கிறார்கள், அதுதான் தாமதத்துக்குக் காரணம். சிறுநீர் நீர்த்துப்போய் அடர்த்தி 1.005-க்குக் கீழே போனால் மறுபடி கொடுக்கச் சொல்வார்கள், சில நேரம் மணிக்கணக்கில் ஆகும். சீல் உடையாத பாட்டில் தண்ணீர் மட்டும், அளவாக. படிவத்தில் கடந்த 7 நாளில் எடுத்த மருந்து, இன்ஹேலர், சத்துமாவு எல்லாவற்றையும் எழுதுங்கள். பாட்டில் எண்ணும் படிவ எண்ணும் ஒன்றா என்று படித்துப் பார்த்தே கையெழுத்து. குறை ஏதும் இருந்தால் அதே படிவத்தில் எழுத இடம் உண்டு. ஆய்வகத்துக்கு எண் மட்டுமே போகும், பெயர் போகாது.

பயந்து சோதனைக்கு வராமல் ஓடிப்போவதுதான் மிகப் பெரிய தவறு. மறுத்தாலே பெரியவர்களுக்கு 4 ஆண்டுத் தடை.

ஓமலூர் பி.டி. டீச்சர்:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மருந்து தெரியாமல் கொடுத்ததாக நான் எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வார்களா? ஜிம்முக்குப் போகும் பையன்கள் "ரத்த அழுத்த ஊசி" என்று ஒன்று போட்டுக்கொள்கிறார்களே, அது என்ன?

தடகள நடுவர், சேலம்:
உடலில் இருந்தால் பொறுப்பு விளையாடுபவருடையது, அதுதான் அடிப்படை விதி. தெரியாமல் நடந்தது என்பது தண்டனையின் அளவைக் குறைக்க மட்டுமே உதவும், குற்றத்தை நீக்காது. உங்கள் மாணவி வயதில் இருப்பவர்களைப் பாதுகாக்கப்பட்டவர் என்று விதி தனியாகப் பார்க்கிறது. பெரிய கவனக்குறைவு இல்லை என்று நிறுவினால் எச்சரிக்கை முதல் 2 ஆண்டு வரை. அப்போது வாங்கிய பில், சீட்டு, காலி பாட்டில் எல்லாம் சாட்சி. ஆனால் சிறுவருக்கு மருந்து கொடுத்தவர் மீது தனி வழக்கு வரும். பயிற்சியாளர் என்றால் ஆயுள் தடை வரை போகலாம்.

இதெல்லாம் டெல்லியோடு நிற்பதும் இல்லை. 1999-ல் வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) தொடங்கி, 2004-ல் உலக விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்து, யுனெஸ்கோ ஒப்பந்தத்தின் மூலம் அரசுகளும் கட்டுப்பட்டன. நம் நாட்டில் 2022-ன் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தடகளத்தில் தடை வாங்கினால் கபடியிலும் ஆட முடியாது, வெளிநாட்டிலும் முடியாது.

விளையாட்டு மருத்துவர், ஐந்து ரோடு:
அந்த ஊசி மெபென்டெர்மின். மயக்க மருந்து கொடுத்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் விழும்போது அறுவை அரங்கில் போடுவது. போட்டிக்காலத்தில் தடை, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், பழக்கமும் ஆகும். சீட்டில்லாமல் விற்பது கண்ணில் பட்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கே எழுதுங்கள்.

இவள் ஏற்காடு போகும்போது இன்ஹேலரோடு ஒரு சிறு நோட்டும் பையில் இருக்கட்டும். எந்த மணிக்கு எத்தனை பஃப் என்று எழுதினால் 6, 16 வரம்பு தெரியும், படிவம் நிரப்பும்போதும் யோசிக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் 10 பஃப் தேவைப்படுகிறதென்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். பியூடெசோனைட் இன்ஹேலர் தடையில் இல்லை, அதைத் தொடர்ந்து எடுக்க வேண்டுமா என்று அவளுடைய மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள், போட்டிக்கு நெருக்கத்தில் மாற்றாதீர்கள்.