மேப்ஸ் கோப்பை யார் வேணும்னாலும் படிக்கலாமா?

கேள்வி: லினக்ஸ்ல பின்னணியில ஓடுற என் டீமனோட மேப்ஸ் கோப்புக்கு (அதோட மெமரில எது எந்த முகவரில இருக்குன்னு காட்டுற கோப்பு) அனுமதி 444னு, அதாவது எல்லாரும் படிக்கலாம்னு காட்டுது. ஸ்டாக், லைப்ரரி முகவரி எல்லாம் அதுல அப்பட்டமா இருக்கு. அப்புறம் முகவரிகளை ஊகிக்க முடியாதபடி மாத்தி மாத்தி வைக்கிற ஏஎஸ்எல்ஆர் எதுக்குங்க?

பதில்: 444ஐப் பார்த்து மிரளாதீங்க. திறக்கும்போது கெர்னல் பிட்ரேஸ் உரிமையை, அதாவது இன்னொரு புராசஸுக்குள்ள எட்டிப் பார்க்கிற உரிமையைச் சோதிக்கும். வேற யூசர்ல கேட் கமாண்ட் போட்டுப் படிச்சுப் பாருங்க, 'பெர்மிஷன் டினைடு'தான்.

கேட்டவர்: ஆமா, அதேதான் வருது. ஆனா அதே யூசர்ல ஓடுற இன்னொரு ஸ்கிரிப்ட் படிச்சிடுதே? பிட்ரேஸைக் கட்டுப்படுத்துற யாமா பாதுகாப்பை ஸ்கோப் 1லதான் வச்சிருக்கேன்.

இன்னொரு பதில்: யாமா, மெமரியோட உள்ளடக்கத்தையே காட்டுற மெம் கோப்பைத்தான் காக்கும், மேப்ஸைக் கண்டுக்காது. நானும் இதுல ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைச்சிருக்கேன். டீமன் தொடங்கினதும் பிஆர்சிடிஎல்ங்கிற சிஸ்டம் கால் மூலமா அதோட 'டம்பபிள்' அமைப்பை 0 ஆக்குங்க. கோப்பு ரூட் பேருக்கு மாறிடும், ஸ்கிரிப்ட் வெளியே நிக்கும். டீமன் கிராஷ் ஆனா மெமரி நகலான கோர் டம்ப் கிடைக்காது, அது ஒரு தலைவலி.