பேச்சே இல்லாத படத்துக்கு எதுக்குய்யா டிவிடி ரீஜன்? டிரைவுல அதை மாத்த இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி

திருநகர்வாசி – சனி இரவு 9:12

வணக்கம் மக்களே. அப்பா ரிடையர்டு வாத்தியார், பழைய மௌனப் படக் காமெடின்னா உயிர். நியூஜெர்சியில இருந்து அத்தான் லீவுக்கு வந்தப்ப 12 டிவிடி டிஸ்க் இருக்கிற பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தார். அட்டைக்குப் பின்னாடி குட்டியா ஒரு பூமி உருண்டை, அதுக்குள்ள 1. எந்த நாட்டுப் பக்கத்துக்கான டிஸ்க்குன்னு சொல்ற ரீஜன் நம்பராம் அது. ஹால்ல இருக்கிற ப்ளேயர்ல போட்டா ரீஜன் சரியில்லைன்னு ஒரு வரி காட்டிட்டு சும்மா நிக்குது.

சரின்னு கம்ப்யூட்டர்ல போட்டேன். ரீஜன் மாத்தவான்னு கேட்டுச்சு, யோசிக்காம ஓகே அமுக்கிட்டேன். படம் ஓடுச்சு. மறுநாள் பையனோட கார்ட்டூன் டிஸ்க். அது இங்க வாங்கினது, ரீஜன் 5. அதுக்காக 5-க்கு மாத்தினேன். அப்பாவுக்காக மறுபடி 1. இன்னிக்கு டிவைஸ் மேனேஜர்ல போய்ப் பாத்தா மிச்சம் 1-ன்னு காட்டுது. கடைசி ஒண்ணையும் மாத்திட்டா அதுலயே நின்னுடும்கிறாங்க, நெசமா? விண்டோஸ் புதுசாப் போட்டா கணக்கு திரும்ப வருமா?

"பேச்சே இல்லாத படம், இது எந்த நாட்டு ஆளுக்குடா புரியாது?"ன்னு அப்பா கேக்குறார். எனக்குப் பதில் வரல.

டவுன்ஹால்ரோடு – 9:40

நெசந்தான் தம்பி. விண்டோஸைப் பத்துத் தடவை போட்டாலும் வராது. கணக்கு கம்ப்யூட்டர்ல இல்ல, டிரைவுக்குள்ளயே பதிஞ்சிருக்கிற புரோகிராம்ல, ஃபர்ம்வேர்ல எழுதி இருக்கு. டிரைவைக் கழட்டி வேற மிஷின்ல மாட்டுங்க, அதுவும் கூடவே போகும். 2000-க்கு அப்புறம் வந்த டிரைவ் எல்லாம் ஆர்பிசி-2ங்கிற வகை, ரீஜன் வைக்க மொத்தமே 5 தடவைதான், முதல்ல வச்சதும் அதுல சேரும். அதுக்கு முந்தின ஆர்பிசி-1 டிரைவுல இந்த இழவு கிடையாது. பழைய டிரைவை எடைக்குப் போடாம வச்சிருந்தவன் புத்திசாலி.

விஎல்சின்னு படம் ஓட்டுற சாஃப்ட்வேர் இருக்கு, போட்டுப் பாருங்க, காசு கிடையாது. அது ரீஜனை மதிக்காது. ரீஜன் பொருந்தாத டிஸ்க்குன்னா டிரைவ் அந்த டிஸ்க்கைத் திறக்கிற சாவி குடுக்காது, அப்ப விஎல்சி அதுவா கணக்குப் போட்டு சாவி கண்டுபிடிக்கும். படம் ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் முக்கும், பயப்படாதீங்க. சில லேப்டாப் டிரைவ் மட்டும் அதுக்கும் மசியாது, படிக்கவே விடாது.

குமாஸ்தா – 10:05

நண்பர் எளிதாகச் சொல்லிவிட்டார். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது, பிரிவு 65ஏ. படைப்பைப் பாதுகாக்க வைத்த தொழில்நுட்ப ஏற்பாட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பொதுவெளியில் "இதைப் போடு, அதை உடை" என்று எழுதும் முன் யோசிப்பது நல்லது.

அட்டையில் 1 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அமெரிக்கா, கனடாவுக்கான சரக்கு. அதைப் பார்த்துத்தானே வாங்கினார்கள்? வாங்கியபின் குறை சொல்வது என்ன நியாயம்?

மேலூர்_டு_துபாய் – 10:31

எங்க அத்தாச்சி பூண்டு வாங்குறப்பகூட இம்புட்டு பாக்க மாட்டாங்க சார். கடையில டிஸ்க் வாங்குறவன் உலக வரைபடமா பாப்பான்?

என் கதையக் கேளுங்க. இங்க துபாயில வாங்கின ப்ளேயர், ரீஜன் 2. ஆறு வருசம் தமிழ்ப் படமா ஓட்டித் தள்ளினேன், பூட்டுன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. ஏன்னா நம்ம ஆளுங்க போடுற டிஸ்க் பெரும்பாலும் எல்லா ரீஜனுக்கும் ஓடும். தமிழன் எங்கெங்க இருக்கான்னு அவய்ங்களுக்குத் தெரியும். அந்த ப்ளேயரை மேலூருக்குக் கொண்டு போய் வச்சா, மதுரையில மகளுக்கு வாங்கின இங்கிலீஷ் படம் ஓட மாட்டேங்குது. ரெண்டுமே காசு குடுத்து வாங்கினது, ரெண்டுக்கும் பில் இருக்கு.

அந்தப் பட்டியலையும் ஒருக்காப் பாருங்க. துபாய், ஐரோப்பா, ஜப்பான் மூணும் ரீஜன் 2. சிங்கப்பூர் 3. நாம ரஷ்யாவோடயும் ஆப்பிரிக்காவுல பெரும்பகுதியோடயும் சேந்து 5. சீனாவுக்குத் தனியா 6. விமானம், கப்பலுக்கு 8. ப்ளூ-ரே வந்ததும் பங்காளி மாறிட்டாய்ங்க: ஜப்பான் போய் அமெரிக்காவோட ஏ-யில உக்காந்துருச்சு, நம்மளைச் சீனா, ரஷ்யாவோட சி-யில போட்டாய்ங்க. எந்தச் சாமி வந்து பிரிச்சதோ.

செல்லூர்_அக்கா – 10:58

நான் பதினோரு வருஷம் டிவிடி வாடகைக் கடை நடத்தினவ, அதனால சொல்றேன். எல்லாரும் பூட்டை மட்டும் திட்டுறீங்க. அமெரிக்காவுல ஒரு படம் தியேட்டரை விட்டு டிஸ்க்கா வரும்போது சில சமயம் இங்க தியேட்டர்லயே ரிலீஸ் ஆகியிருக்காது. அந்த டிஸ்க் இங்க ஓடிச்சுன்னா இங்கத்த தியேட்டர்காரன் கதி என்ன? அதுக்குப் போட்ட வேலி அது.

விலையையும் பாருங்க. அங்க டாலர்ல விக்கிறதை இங்க நம்ம கைக்கு எட்டுற ரூபாய்க்கு விக்கணும்னா, இங்க வாங்கி அங்க கொண்டுபோய் விக்க முடியாதுங்கிற தைரியம் கம்பெனிக்கு வேணும். பூட்டு இல்லைன்னா உங்களுக்கும் டாலர் விலைதான்.

டவுன்ஹால்ரோடு – 11:20

அக்கா, உங்க கடைக்கு எத்தனை ப்ளேயர் ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்கேன், என்கிட்டயேவா? மோசர் பேயர் கம்பெனி 2007 வாக்குல 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடின்னு இறக்கினப்ப திருட்டு சிடிக்காரனே ஆடிப் போனான். விசிடிக்கு ரீஜனே கிடையாது, தெரியும்ல? அடிச்சது விலை, பூட்டு இல்ல.

அந்தப் பூட்டு யாருக்குக்கா போட்டது? ரோட்டோரத்துல அட்டை கலர் ஜெராக்ஸ் போட்டு வித்தாய்ங்களே, அந்த டிஸ்க் எந்த ப்ளேயர்லயாவது ஓடாம இருந்திருக்கா? காப்பி எடுக்குறவன் முதல்ல கழட்டி எறியுறது ரீஜனைத்தான். காசு குடுத்து வாங்கின வாத்தியார் வீட்டு டிஸ்க்குதான் நிக்குது.

இன்னொண்ணு. ரீஜன்கிறது பூட்டே இல்ல. டிஸ்க்குல ஒரே ஒரு பைட், எட்டு பிட், ரீஜனுக்கு ஒண்ணு. ப்ளேயர் அதைப் படிச்சுட்டு, "நமக்கில்ல"ன்னு நிக்குது. நிக்கணும்னு ப்ளேயர் செய்யிற கம்பெனிகிட்ட லைசென்ஸ்ல எழுதி வாங்கியிருக்காய்ங்க. உண்மையான பூட்டு சிஎஸ்எஸ், படத்தையே சாவி இல்லாமப் படிக்க முடியாதபடி கலைச்சு வைக்கிறது, அது வேற. இது வெறும் "அன்னியர் உள்ளே வரக் கூடாது" போர்டு.

செல்லூர்_அக்கா – 11:27

போர்டு இருக்குற வீட்டுக்குள்ள நீங்க போவீங்களாக்கும்?

டவுன்ஹால்ரோடு – 11:29

என் வீட்டு வாசல்ல அடுத்தவன் மாட்டின போர்டுக்கா அது.

கீபோர்டுகாரன் – ஞாயிறு காலை 7:15

சண்டைக்கு நடுவுல ஒரு விஷயம் விட்டுப் போச்சு. ரீஜன் சரியானாலும் டிவி ஒத்துக்கணும். டிவிக்குப் படம் அனுப்புற முறை ரெண்டு இருக்கு: அமெரிக்க டிஸ்க் என்டிஎஸ்சி, நம்ம நாடு பால். (ஆவின் இல்ல.) பழைய பெரிய டப்பா டிவின்னா கலர் போயிடும், படம் மேல கீழ உருளும். வாத்தியார் பாக்குறது கருப்பு வெள்ளைதான், கலர் போனாக் கவலையில்ல, உருண்டா தலை சுத்தும். ப்ளேயர் செட்டிங்ஸ்ல டிவி டைப்னு ஒண்ணு இருக்கும், அதை பால்னு வைங்க, நிறைய ப்ளேயர் அதுவே மாத்திக் குடுத்துடும். இப்பத்த எல்இடி டிவிக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

இதுல நான் பட்ட பாடு தனி. லண்டன்ல வாங்கின டிஸ்க்ல ஒரு பாட்டைக் கேட்டுப் பங்குனித் திருவிழாக் கச்சேரிக்கு நோட்ஸ் எடுத்தேன். எந்தக் கட்டையிலயும் உக்கார மாட்டேங்குது. ரெண்டு கட்டையில வாசிச்சா டிஸ்க் மேல நிக்குது, ரெண்டரையில வாசிச்சா கீழ நிக்குது. கீபோர்டைத்தான் முதல்ல சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது: நொடிக்கு 24 ஃப்ரேம்ல எடுத்த படத்தை பால் டிஸ்க்ல 25-ஆ ஓட்டுறாங்க. 150 நிமிஷப் படம் 144-ல முடிஞ்சிடும். சுருதி அரைக் கட்டைக்குக் கொஞ்சம் கம்மியா ஏறிடும், அதனாலதான் ரெண்டுக்கும் ரெண்டரைக்கும் நடுவுல தொங்குது. பாடுறவர் மேடையில என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல.

குமாஸ்தா – 8:02

சுவையான தகவல், ஆனால் விவாதம் அதுவல்ல. போர்டோ பூட்டோ, சட்டத்தின் கண்ணில் அது பாதுகாப்பு ஏற்பாடு என்றே வாதிட இடமுண்டு.

மேலூர்_டு_துபாய் – 8:20

பிரிவை முழுசா எழுதுங்க சார், பாதியில நிறுத்தாதீங்க. "உரிமையை மீறும் எண்ணத்தோடு" உடைச்சாத்தான் குத்தம். அதே பிரிவோட ரெண்டாவது உட்பிரிவு, இந்தச் சட்டம் வெளிப்படையாத் தடை செய்யாத காரியத்துக்காக உடைக்கிறதைத் தடுக்கலைன்னு சொல்லுது. காசு குடுத்து வாங்கின ஒரிஜினலை அப்பா தன் வீட்டு ஹால்ல உக்காந்து பாக்குறதுல எந்த உரிமை மீறப்படுது?

நார்வேயில ஒரு பையன், 1999-ல அவனுக்கு 15 வயசு, சிஎஸ்எஸ் பூட்டையே திறந்த கூட்டத்துல ஒருத்தன். கேஸ் போட்டாய்ங்க. தான் வாங்கின டிஸ்க்கைத் தான் பாக்குறது குத்தம் இல்லைன்னு 2003 ஜனவரியில விடுதலை. அப்பீல் போனாய்ங்க, அதே வருசம் டிசம்பர்ல மறுபடி விடுதலை.

குமாஸ்தா – 8:47

நார்வே தீர்ப்பு மதுரை கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. உட்பிரிவைச் சுட்டியது சரி, "எண்ணம்" என்ற சொல்லை நான் விட்டதும் தவறு. ஆனால் நீங்களும் பாதியில்தான் நிறுத்தினீர்கள். அதே இடத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இன்னொருவருக்காக உடைத்துக் கொடுப்பவர், அந்த இன்னொருவரின் பெயர், முகவரி, அடையாள விவரம், எந்த நோக்கத்துக்காகச் செய்து கொடுத்தார் என்பது வரை முழுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். டவுன்ஹால் ரோட்டு நண்பர் வைத்திருக்கிறாரா?

டவுன்ஹால்ரோடு – 9:10

பழைய நகை வாங்குற கடை மாதிரி நோட்டுப் போட்டு எழுதணுமா? நெசமாவா சொல்றீங்க?

குமாஸ்தா – 9:12

நிஜமாகத்தான்.

என் யோசனை வேறு. வெளியில் மாட்டும் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. ஒன்றை 1-ல், ஒன்றை 5-ல் வைத்து விடுங்கள். எதையும் உடைக்க வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம்.

மேலூர்_டு_துபாய் – 9:30

ஆக, ஒருதடவை டிஸ்க்குக்குக் காசு, அதைப் பாக்குறதுக்கு இன்னொரு தடவை காசு. 4கே டிஸ்க்குல ரீஜனே வேணாம்னு கம்பெனிக்காரனே எடுத்துட்டான் சார். அவனே விட்டதை நீங்க இழுத்துப் பிடிக்கிறீங்க.

செல்லூர்_அக்கா – 9:44

அவன் எங்க விட்டான்? இப்ப ஆன்லைன்ல "உங்கள் நாட்டில் கிடைக்காது"ன்னு வருதே, அது யாராம்? டிஸ்க்காவது கையில இருக்கு, பூட்டையாவது திறக்கலாம்.

அது கெடக்கட்டும். திருநகர் தம்பி, ஒரு சந்தேகம். உங்க ஹால் ப்ளேயர் இங்க வாங்கினதுதானே, ரீஜன் 5-ல தானே இருக்கு? பையனோட கார்ட்டூனை அதுலயே போட்டிருக்கலாமே? எதுக்குக் கம்ப்யூட்டர்ல போய் மாத்தி மாத்தித் தொலைச்சீங்க?

திருநகர்வாசி – 10:15

அக்கா, சாயங்காலம் 7 மணியில இருந்து 10 மணி வரைக்கும் ஹால் டிவி அம்மா கையில. சீரியல். அந்த நேரத்துல எல்லா நாட்டு டிஸ்க்கையும் ஓட்டுற ரீஜன் 0 ஆனாலும் ஒண்ணும் ஓடாது.

செல்லூர்_அக்கா – 10:16

அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே.

டவுன்ஹால்ரோடு – 10:40

தம்பி, டிரைவை 1-லயே விட்டுருங்க, அந்தக் கடைசி ஒண்ணைத் தொடாதீங்க. பையன் டிஸ்க்கை விஎல்சியில பாருங்க. ஹால் ப்ளேயரைக் கடைக்குத் தூக்கிட்டு வாங்க. நிறைய மாடல்ல செட்டப் மெனுவுக்குள்ள போயி ரிமோட்ல நாலஞ்சு நம்பர் அமுக்கினா ரீஜன் பக்கம் வரும், கம்பெனியே ஒளிச்சு வச்சதுதான். எல்லா மாடலுக்கும் ஒரே நம்பர் இல்ல, கண்டதையும் அமுக்காதீங்க. சில டிஸ்க் 0 வச்சாக் கண்டுபிடிச்சிடும். உலகப் படம் ஒண்ணு திரையில வரும், இந்த ப்ளேயர்ல ஓடாதுன்னு. அதுக்கு 0 ஆகாது, கரெக்டா 1 வைக்கணும். எனக்கே அது தெரியாம ஒரு கஸ்டமர் ப்ளேயரை ரெண்டு நாள் பிரிச்சு வச்சிருந்தேன்.

திருநகர்வாசி – திங்கள் இரவு 8:50

போயிட்டு வந்தேன். அண்ணன் கடையில ரெண்டு நிமிஷ வேலை, காசு வாங்க மாட்டேன்னுட்டார், டீயும் வாங்கிக் குடுத்தார். நம்பர் அமுக்குறதுக்கு முன்னாடி டிராயர்ல இருந்து புது நாப்பது பக்க நோட்டு ஒண்ணை எடுத்தார். பேர் கேட்டார், முகவரி கேட்டார். நோக்கம்கிற இடத்துல என்னண்ணே எழுதணும்னு கேட்டா, "நீங்களே எழுதுங்க"ன்னு பேனாவைக் குடுத்தார். "அப்பாவுக்கு மௌனப் படம்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

10 டிஸ்க் 0-லயே ஓடுது. ரெண்டு டிஸ்க்குக்கு அந்த உலகப் படம் வந்துச்சு, 1 வச்சதும் போயிடுச்சு. அப்பா பத்து மணிக்கு மேலதான் உக்கார முடியும், அது தனிப் பிரச்சனை.

டவுன்ஹால்ரோடு – 9:05

குமாஸ்தா சார், நோட்டை போட்டோ எடுத்துப் பேர், முகவரியை மறைச்சுக் கீழ போட்டிருக்கேன். சரியா இருக்கா பாருங்க.

குமாஸ்தா – 9:21

தேதி போடவில்லை.