ஊடொளி: கன்னத்தில் டோர்ச் பிடித்துப் பார்ப்பதற்கு ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

சைனஸ் அறைகளில் சளி கட்டியிருக்கிறதா என்று டோர்ச் வெளிச்சம் பிடித்துப் பார்ப்பதற்கு (transillumination) எங்கள் மருத்துவக் கையேட்டில் என்ன சொல் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஐயா முன்வைத்த ‘ஒளியூடுருவற் பரிசோதனை’யை நேற்றிரவு எங்கள் குசினியில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். சோதித்தது சொல்லை. அம்மாவுக்கு நாலைந்து நாளாகப் பீனிசம் (சைனஸ் அழற்சி). “அம்மா, உங்களுக்கு ஒளியூடுருவற் பரிசோதனை செய்யப் போறன்” என்றேன். “ஏன் பிள்ளை, பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தந்திட்டினமே?” என்று பயந்துபோய்க் கேட்டார்.

செய்வது என்னவோ சின்ன வேலைதான். அறையை நன்றாக இருட்டாக்க வேண்டும். மேலே பொய்ப்பல் கட்டியிருந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் சின்ன டோர்ச்சின் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, திறந்த வாய்க்குள் மேலண்ணத்தைப் பார்ப்பது. கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையில் காற்று மட்டும் இருந்தால் அண்ணம் செக்கச்செவேல் என்று மினுங்கும். சளியோ சீழோ கட்டியிருந்தால் மங்கிக் கிடக்கும். நெற்றிக்கு, புருவத்தின் மூக்குப் பக்க முனைக்குக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடிப்பார்கள். மற்ற இரண்டு சோடி சைனஸ் அறைகளும் மண்டைக்குள் ஆழத்தில் இருப்பதால் இந்த வெளிச்சம் அங்கே எட்டாது.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “முட்டை பார்க்கிற மாதிரியே?”

அதேதான்! அவயத்துக்கு வைத்த முட்டையை ஏழெட்டு நாளில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்போமே. தொண்ணூறுகளில் போர்க்காலத்தில் வன்னிக்குள் டோர்ச் பற்றரி கொண்டுவரத் தடை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சம் இதற்குக் காணாது. கிடுகுக் கூரையின் ஓட்டையால் ஈட்டி மாதிரி விழும் வெயிலில் முட்டையைக் காட்டி, விரலால் சுற்றி மறைத்துக்கொண்டு பார்த்தோம். சிவப்பு நரம்பு வலைபோல ஓடி, நடுவில் ஒரு கரும்புள்ளி இருந்தால் குஞ்சு. வெறுமனே வெளிச்சமாக இருந்தால் அது குஞ்சு பொரிக்காது, குசினிக்குப் போகும். முட்டையில் வெளிச்சம் ஏமாற்றம், கன்னத்தில் வெளிச்சம் சுகம். இந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர வேலை ஒன்றுதான்.

ஆகவே என் முன்மொழிவு ‘ஊடொளி’. வினையாக ‘ஊடொளி பிடித்தல்’. டோர்ச் பிடி, விளக்குப் பிடி என்று நாளாந்தம் சொல்கிறோம்; இதுவும் அந்த வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். “ஊடொளி: இடம் தெளிவு, வலம் மங்கல்” என்று தாதி ஒருவர் குறிப்பில் ஒரே வரியில் எழுதலாம்.

‘ஊடுருவல்’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சொல் போர்க்கால வானொலிச் செய்தியில், இராணுவத்தின் ஆழ ஊடுருவும் அணிகளைப் பற்றி வந்த சொல். ஆழ ஊடுருவல் என்று கேட்டே வளர்ந்தவர்களை இருட்டறையில் இருத்திவைத்து அதே சொல்லைச் சொல்வது சரியில்லை. தவிரவும், எக்ஸ்ரே என்று நினைத்துக் கர்ப்பிணிகள் பின்வாங்குவார்கள்.

அடுத்தது, சைனசுக்கு முன்வைக்கப்பட்ட ‘குடா’ என்ற சொல். அகராதிப்படி பிழையில்லை, ஆனால் முல்லைத்தீவில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒப்புக்கொள்ளக் கஷ்டம். குடாவில் தண்ணீர் நிற்பது இயல்பு. கன்னத்தில் நின்றால் வருத்தம். நான் ‘காற்றறை’ என்பேன்: கன்னக் காற்றறை, நெற்றிக் காற்றறை. ஆனால் அதன் வாசலுக்குக் கடற்கரையிடம் கடன் வாங்கலாம். நந்திக்கடல் களப்பு கடலோடு சேருகிற வட்டுவாகலில் முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் மாரியில் நந்திக்கடல் பெருகி வயலுக்குள் ஏறும், போய் வெட்டிவிட வேண்டும். கன்னக் காற்றறையின் துவாரம் அதைவிட மோசமான இடத்தில் இருக்கிறது. அடியில் இல்லை, மேலே. நுண்மயிர்கள்தான் சளியை ஏற்றிவிட வேண்டும். தடிமன் பிடித்து அந்தத் துவாரம் வீங்கி அடைத்தால் உள்ளே தேங்கும். ‘காற்றறை முகத்துவாரம்’ நீளம்தான், ஆனால் அடைப்பு என்றவுடன் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் படம் கீறிக் காட்டத் தேவையில்லை.

வாய்ப் பகுதிக்கு: கன்னத்தின் உட்பக்கத் தோலுக்குச் சொல்கிற ‘கன்னச் சீதமென்சவ்வு’ பாடப்புத்தகத்திலேயே இருக்கட்டும். கையேட்டில் ‘உட்கொடுப்பு’. வெற்றிலையைக் கொடுப்புக்குள் அடக்குகிற ஆச்சியிடம் “உட்கொடுப்பில வெள்ளைப் படை இருக்கா, எரியுதா, வாய் முந்தி மாதிரித் திறக்குதா?” என்று கேட்டால் பதில் உடனே வரும்.

காது பார்க்கும் கருவிக்கு ‘செவிநோக்கி’யா ‘ஓட்டோஸ்கோப்’பா என்று தம்பி கேட்டிருந்தார். எனக்கு இரண்டும் சம்மதம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, பிறகு மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன்கூட இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றுதான் பெயர் வைத்தார். கருவியின் பெயர் எப்படியும் கடைக்காரன் சொல்கிற பெயராகத்தான் நிலைக்கும். செய்கிற வேலைக்கும் உடம்பின் இடத்துக்கும் எங்கள் சொல் இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கையைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும்: ஊடொளி மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. சிலருக்கு நெற்றிக் காற்றறை ஒரு பக்கம் பிறவியிலேயே வளர்ந்திருக்காது. அங்கே மங்கல் என்றால் சீழ் என்று அர்த்தமில்லை.

அம்மாவுக்கு இடம் தெளிவு, வலம் மங்கல். விடிய கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். உங்கள் மறுப்புகளை வந்துதான் வாசிப்பேன்.

முள்ளியவளையிலிருந்து