புதுப்பிப்பு: பறவைத் தட்டுக்கு வரும் எலியும் சாரையும்

கம்பு, தினை வைக்கும் பறவைத் தட்டுக்கு இரவில் எலியும், அதன் பின்னாலேயே சாரைப்பாம்பும் வருவதாக முன்பு எழுதியிருந்தேன். கம்பத்தில் தகரக் கூம்பு மாட்டியபின் தட்டில் எலி ஏறுவதில்லை. கூம்பு 45 செ.மீ. அகலம், தரையிலிருந்து 4 அடி உயரம், அகன்ற வாய் கீழ்நோக்கி. கூம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தாலும் சுண்டெலி புகுந்துவிடும். கம்பிவலை திணித்து அடையுங்கள். சுவரும் கிளையும் 10 அடி தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் அணில் தாவும். கிரீஸ் மட்டும் தடவவே கூடாது. இறகில் ஒட்டினால் பறவை பாடு திண்டாட்டம்.

சாரையை வரவழைப்பது தரையில் சிந்தும் தானியம்தான், எலி அதற்குத்தான் வருகிறது. மதியத்துக்குள் தீரும்படி ஒரு கைப்பிடி போதும். பொழுது சாய்வதற்குள் கீழே கூட்டிவிடுங்கள். சாரைக்கு விஷமில்லை, தயவுசெய்து அடிக்காதீர்கள். ஆனால் எலியைத் தேடி நல்லபாம்பும் வரும். இருட்டில் டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம்.